மூன்று அழைப்பும் ஒரு மூச்சும்

முதலைக் கணக்குப் புத்தகத்தில், பதினான்காம் குட்டைக்கான பக்கத்தில், க்ளோவிஸ் எழுதியிருந்த எண்ணை நோயெலி இரண்டு முறை படித்தாள். பதினேழு. போன வாரமும் பதினேழு. அதற்கு முன்னால், மே மாதத்திலிருந்து வரிசையாக, பதினாறு.

போன ஆகஸ்டில் அந்தக் குட்டையின் கரையிலிருந்த கூட்டிலிருந்து வெளியே வந்தவை பதினாறு முதலைக் குட்டிகள். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு செதிலைக் கத்தரித்து அடையாளம் வைத்தவர் க்ளோவிஸ்தான். அதற்குப் பிறகு எண் இறங்கத்தான் செய்யும். நாரை கொத்தும், ரக்கூன் தூக்கிப் போகும், பெரிய ஆண் முதலை ஒரே வாயில் விழுங்கும். ஒரு வருடத்தில் பதினாறு ஒன்பதாகும், நான்காகும். இந்தத் தாய் பதினாறையும் காப்பாற்றி வைத்திருந்ததே அலுவலகத்தில் பேச்சாக இருந்தது. ஆனால் ஒரு தாயைச் சுற்றியிருக்கும் குட்டிகள் கூடிவிட்டதாக அந்தப் புத்தகத்தில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

"க்ளோவிஸ், உங்க கண்ணாடிய எப்ப மாத்தினீங்க?"

அவர் படகுத்துறையில் குனிந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. அவளுடைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர்.

"என் பொண்டாட்டியும் இதைத்தான் கேக்கறா. இன்னும் என்னை அழகின்னு சொல்றியே, உன் கண்ணாடி சரியில்லைங்கறா."

நோயெலி புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

"வேற குட்டையிலேர்ந்து ஒண்ணு வந்து ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அப்படி வருமா?"

"முப்பது வருஷத்துல பாத்ததில்ல." பெட்ரோல் கேனின் மூடியைத் தேவைக்கு மேல் நேரமெடுத்துத் திருகினார். "முன்னல்லாம் பகல்லதான் எண்ணுவேன். இந்த வெயில் தாங்கலன்னு ரெண்டு வாரமா பொழுது சாஞ்சப்புறம் விளக்கு அடிச்சு எண்றேன். பகல்ல பாத்தா பதினாறு. விளக்குக்குப் பதினேழு."

"இன்னிக்கு நானும் வரேன்."

"அந்தக் குட்டைக்கு நீ வேணாம், பொண்ணே."

"வரேன்."

அவர் எஞ்சினைக் கிளப்பினார். அவர்கள் இருவரும் அதிகம் பேசுபவர்கள் இல்லை. பதினோரு வருடங்களாக ஒரே படகில் போய்க்கொண்டிருப்பவர்கள். சில நாட்கள் காலையிலிருந்து மாலை வரை பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. அது அவளுக்கு எப்போதும் இதமாக இருந்தது. போன வருடம் வரை.

சதுப்புக்குள் போகும் வாய்க்கால் ஆறு மைல். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். நாள் முழுக்க வெயிலில் வெந்த சேற்றின் வாசமும், கடலிலிருந்து ஏறிவரும் உப்புக்காற்றும், அழுகிய கோரையின் இனிப்பான நெடியும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் படிந்தன. எஞ்சின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, தினமும் இரவில் விளக்கணைத்த பிறகு டட்லி கேட்கும் கேள்வி அவளுக்குக் கேட்டது. அவள் கணவன் ஒரே கேள்வியைத்தான் ஒரு வருடமாகக் கேட்கிறான். முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, குரல் வெளியே வராமல்.

"படகுல தூங்கிக்கிட்டுத்தானே இருந்தா?"

"ஆமா. நல்லா தூங்கிட்டிருந்தா."

"அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

அதற்குப் பிறகுதான் அவன் மூச்சு சீராகும். அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் அவன் ஒரு வருடமாகத் தூங்குகிறான்.

மகள் செலி தூங்கவில்லை.

கூட்டிலுள்ள முட்டைகளை அளக்க எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். தாய் முதலை கூட்டை விட்டு நகராது. அதனால் ஒருவர் குட்டையின் எதிர்ப்பக்கம் படகில் நின்று குட்டியின் குரலில் அழைப்பார். தொண்டையின் அடியிலிருந்து, மூக்கை அடைத்துக்கொண்டு, ம்ங்க், ம்ங்க் என்று. முட்டைக்குள்ளிருந்தாலும் தண்ணீருக்குள்ளிருந்தாலும் குட்டி அப்படித்தான் தாயைக் கூப்பிடும். தாய் அந்தக் குரலைத் தேடிப் போகும். படகுக்குப் பத்தடி தள்ளி நின்று சீறும். அதற்குள் மற்றவர் கூட்டைப் பிரித்து, அளந்து, மூடிவிட வேண்டும். முடிந்ததும் துடுப்பால் தண்ணீரில் ஓங்கி அடித்தால் அது திரும்பிப் போய்விடும். அது பத்தடிக்கு உள்ளே வந்ததில்லை. ஒருமுறைகூட.

அந்தக் குரலை ஆறு வயது செலியைப்போல யாராலும் எடுக்க முடியாது. க்ளோவிஸ் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் அழைப்பாள், குளியல் தொட்டியில் அழைப்பாள், ஒருமுறை கோயிலில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவில் அழைத்து டட்லியிடம் அடி வாங்கினாள். மூன்று முறை அழைத்து ஒரு மூச்சு இழுப்பாள். மேல்வரிசையில் முன்பல் விழுந்திருந்ததால் அந்த மூச்சில் மெல்லிய விசில் ஒன்று வரும்.

போன ஜூலையில் க்ளோவிஸ் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தார். பள்ளிக்கூட விடுமுறை. பதினான்காம் கூட்டை அன்றைக்கே அளந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நோயெலிக்குத்தான் வேலையைத் தள்ளிப்போடப் பிடிக்காது. க்ளோவிஸுக்குப் பதில் செலியைப் படகில் நிற்க வைத்தாள்.

"நான் கை காட்டறவரைக்கும் நிறுத்தக் கூடாது. சரியா?"

"கை காட்டறவரைக்கும்," என்றாள் செலி, உயிர்காப்புச் சட்டையின் வாரைக் கடித்துக்கொண்டே.

நோயெலி கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தாள். முதுகுக்குப் பின்னால் குரல் வந்துகொண்டே இருந்தது. மூன்று அழைப்பு, ஒரு மூச்சு. மூன்று அழைப்பு, ஒரு மூச்சு. இருபத்திரண்டாவது முட்டை கையில் இருந்தபோதுதான் வெகு நேரமாகக் குரல் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அலறல் கேட்கவில்லை. தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். படகு ஆடக்கூட இல்லை.

ஒன்பது நாட்கள் தேடினார்கள். உயிர்காப்புச் சட்டை மட்டும் கிடைத்தது. கிழியாமல், வார்கள் மட்டும் அறுந்து.

க்ளோவிஸ் எஞ்சினை அணைத்தார். நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். நாணல் இரண்டாகப் பிரிந்து வழிவிட, குட்டை திறந்துகொண்டது.

கூடு ஒரு வருட மழையில் அமுங்கி, மேலே புல் முளைத்து, சின்ன மேடாகக் கிடந்தது. நோயெலி அதைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். பாசி மூடிய பச்சைக்கு நடுவே தாய் கிடந்தது. ஒன்பதடி. க்ளோவிஸ் அதை மரியாதையாக மதாம், சீமாட்டி, என்றுதான் சொல்வார். அதன் முதுகிலும் தலையிலும் பக்கவாட்டிலும் குட்டிகள், இன்னும் மறையாத மஞ்சள் பட்டைகளோடு, ஒன்றன்மேல் ஒன்றாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

நோயெலி தொலைநோக்கியால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பதினாறு."

"நான்தான் சொன்னேனே." க்ளோவிஸ் காகிதத்தைப் பிரித்து, அரிசியும் ஈரலும் அடைத்த பூடான் சாசேஜை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை நீட்டினார். "சாப்புடு. நீ இப்படியே எளைச்சிக்கிட்டே போனா, மதாம் உன்னையே நாரைன்னு நெனச்சுக்கும்."

அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. சூரியன் நாணலின் உயரத்துக்கு இறங்கியது, அதற்கும் கீழே போனது. தண்ணீரின் பச்சை கறுப்பானது. தவளைகள் ஆரம்பித்தன. முதலில் தூரத்தில் ஒன்று, பிறகு கரை முழுக்க, காது அடைத்துப்போகும் அளவுக்கு. கொசுக்கள் அவள் கழுத்தில் இறங்கின. அவள் தட்டிவிடவில்லை. க்ளோவிஸ் ஃப்ளாஸ்கிலிருந்து கறுப்புக் காப்பியை ஊற்றிக் குடித்தார். மூடியைத் திரும்பப் போட்டார். அந்தச் சின்னச் சத்தம் தனியாகக் கேட்டது.

ஏன் தனியாகக் கேட்டது என்று அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை.

தவளைகள் நின்றிருந்தன.

காற்றும் இல்லை. நாணலின் ஒரு நுனிகூட அசையவில்லை. சேற்று நெடிக்குக் கீழேயிருந்து வேறொரு வாசம் மெதுவாக மேலே வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசம். நாளெல்லாம் வெயிலில் ஓடிவிட்டு வந்து மடியில் சாயும் குழந்தையின் தலையிலிருந்து வருமே, வியர்வையும் தூசியும் கலந்த வாசம், அது. வீட்டில் ஒரு தலையணை உறைக்குள் மட்டும் மிச்சமிருந்த வாசம். டட்லி அந்த உறையைத் துவைக்க விடுவதில்லை.

"விளக்கு அடிங்க," என்றாள்.

க்ளோவிஸ் நெற்றியில் கட்டியிருந்த விளக்கைப் போட்டார். வெளிச்சம் தண்ணீரின் மேல் விழுந்ததும் கண்கள் எரிந்தன. தாயினுடையவை பெரிய சிவப்புக் கனல்கள். சுற்றிலும் சின்னச் சின்னதாக, மஞ்சள் கலந்த சிவப்பில், ஜோடி ஜோடியாகக் குட்டிகளுடையவை. அவர் எப்போதும்போல விரலை நீட்டி, இடமிருந்து வலமாக, சத்தமாக எண்ணினார்.

"பதினாலு. பதினஞ்சு. பதினாறு."

விரல் நின்றது. தாயின் தலைக்கு அந்தப் பக்கம்.

"பதினேழு," என்றார்.

நோயெலி பார்த்தாள். மற்றவை தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தன. அந்த ஜோடி நான்கு விரல் உயரத்தில் இருந்தது. அதில் சிவப்பு இல்லை. ஆறிப்போன பாலில் விளக்கு விழுந்ததுபோல மங்கலாக இருந்தது.

"எவ்வளவு நீளம் இருக்கும்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. முதலையின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து நீளம் சொல்வது க்ளோவிஸுக்கு மூச்சு விடுவதுபோல. அரை அடிகூடத் தவறமாட்டார்.

அவர் வெகு நேரம் பார்த்தார்.

"சொல்ல முடியல. அதுக்கு மூஞ்சி நீளமே இல்ல."

அப்போது குட்டிகளில் ஒன்று அழைத்தது. ம்ங்க். பக்கத்திலிருந்தது பதில் கொடுத்தது. பிறகு எல்லாம். தண்ணீர் முழுக்கச் சின்னக் குரல்கள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு. பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

ஒன்று மட்டும் ஓயவில்லை.

ம்ங்க். ம்ங்க். ம்ங்க்.

ஒரு மூச்சு.

அந்த மூச்சில் விசில்.

நோயெலியின் கையிலிருந்த பூடான் துண்டு படகின் அடியில் விழுந்தது. க்ளோவிஸ் திரும்பவில்லை. அவருடைய விளக்கு அங்கேயே நிலைத்திருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தின் விளிம்பு நடுங்கியது.

ம்ங்க். ம்ங்க். ம்ங்க்.

மூச்சு.

"நான் சொல்லிக்கொடுத்தது," என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. "மூணு போதும், அப்புறம் மூச்சு வாங்கிக்கோ, இல்லன்னா தலை சுத்தும்னு சொன்னேன்."

அவள் படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள்.

"நோயெலி."

"ம்."

"அன்னிக்கு அவ தூங்கலையா?"

ஒரு வருடமாக அவள் இந்தக் கேள்விக்குப் பயந்திருந்தாள். டட்லி கேட்பதுபோல இல்லாமல், பதிலுக்குப் பயப்படாமல் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்களோ என்று. இப்போது கேட்டபோது, பயம் இல்லை. வாயைத் திறந்ததும் வந்துவிட்டது.

"தூங்கல. நான்தான் கூப்பிடச் சொன்னேன்."

க்ளோவிஸ் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப மதாம் அவளைக் கடிக்கல," என்றார் கடைசியில். "குட்டின்னு நெனச்சு எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. குட்டிய எப்படி எடுக்குமோ அப்படி. மெதுவா. வாயில வச்சு, தண்ணிக்குள்ள."

நோயெலிக்கு அது தெரியும். கிழியாத சட்டையைப் பார்த்த நாளிலிருந்தே தெரியும். பல் படாமல், நாக்கைத் தாழ்த்தி, தொண்டைப் பையில் ஏந்தி. ஒரு தாய் செய்யக்கூடிய அத்தனை கவனத்தோடும். தண்ணீர்தான் பத்திரமான இடம் என்று நம்பி.

வெளிச்சத்தில் அது இப்போது இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது. நெற்றி. அதன்மேல் பாசி. பாசி இல்லை, முடி. பாசியின் நிறத்தில் முடி. கன்னம் வெளுத்து, ஊறி, மெழுகுபோல. ஆறு வயதுக் கன்னம். ஒரு வருடம் ஆகியும் ஆறு வயதுதான். வாய் திறந்தது. பல் இன்னும் முளைக்கவில்லை.

ம்ங்க். ம்ங்க். ம்ங்க்.

மூச்சு.

தாய் முதலை தொண்டைக்குள் ஆழமாக உறுமிப் பதில் சொன்னது. தண்ணீர் அதிர்ந்து, படகின் அடிப்பலகை வழியாக நோயெலியின் பாதங்களுக்கு வந்தது. அந்தச் சின்ன முகம் பழக்கப்பட்ட விதமாகத் திரும்பி, முதலையின் கண்ணுக்குப் பின்னால் இருந்த மேட்டில் கன்னத்தைச் சாய்த்தது. ஒரு கை வெளியே வந்து அதன் கழுத்துச் செதில்களைப் பற்றிக்கொண்டது. சோர்ந்துபோன குழந்தை அம்மாவின் தோளில் சாய்வதுபோல.

நோயெலி படகில் எழுந்து நின்றாள்.

"செலி," என்றாள். "செலி. அம்மாடி. இங்க பாரு."

முகம் நிமிர்ந்தது. திரும்பியது. அவளைப் பார்த்தது.

அவள் கண்களைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே. அவள் பக்கவாட்டில் தொங்கிய வலது கையை.

அதையே பார்த்துக்கொண்டு அழைத்தது. ம்ங்க். ம்ங்க். ம்ங்க். மூச்சு. காத்திருந்தது. கை அசையவில்லை. மறுபடி அழைத்தது.

நோயெலிக்குப் புரிந்தது. புரிந்ததும் படகின் பலகையில் உட்கார்ந்தாள்.

நான் கை காட்டறவரைக்கும் நிறுத்தக் கூடாது.

ஒரு வருடம். மழையில். குளிரில். டட்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இரவுகளில். நிறுத்தவே இல்லை.

"பொண்ணே." க்ளோவிஸின் குரல் உடைந்திருந்தது. அவருக்கும் ஏதோ உறைத்தது. பார்வை எங்கே இருக்கிறது என்று அவரும் பார்த்திருந்தார். "கையில என்ன? அன்னிக்கு என்ன சொல்லிட்டுப் போன?"

"கை காட்டினா நிறுத்தலாம்னு."

"காட்டும்மா."

அவள் அசையவில்லை.

"காட்டிடு. பிள்ளைக்கு வாய் வலிக்கும். தொண்டை கட்டிப்போயிருக்கு பாரு. கேக்கலையா உனக்கு?"

கேட்டது. மூன்றாவது அழைப்பு ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே வந்தது. விசில் மட்டும் தேயவில்லை. அந்த விசில். அவள் வீட்டின் எந்த மூலையிலும் மிச்சமில்லாத ஒரே சத்தம். கையைத் தூக்கினால் போதும். தோள் உயரத்துக்கு. குழந்தை நிறுத்திவிடும். ஓய்வெடுக்கும். தண்ணீர் மூடிக்கொள்ளும். பதினாறு என்று எழுதலாம். வீட்டுக்குப் போகலாம். விளக்கை அணைத்ததும் டட்லி கேட்பான்.

அதற்குப் பிறகு அந்த விசில் ஒருபோதும் கேட்காது.

ஒருபோதும்.

"நோயெலி, கையைத் தூக்கு. நான் உன்னைக் கும்புடறேன்."

விளக்கின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சுருங்கி, தாயின் தலையையும் அதன்மேல் சாய்ந்திருந்த வெளுத்த முகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டது. முதலை மெல்ல நகர்ந்து வந்தது. பத்தடியில் நிற்கவில்லை. எட்டடி. ஆறடி. சீறவில்லை. குழந்தையை இன்னொருத்திக்குக் காட்ட வருபவளைப்போல வந்து, படகின் ஓரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. வியர்வையும் தூசியும் கலந்த அந்த வாசம் நோயெலியின் முகத்தில் அடித்தது. வெள்ளையான கண்கள் அவள் கையை விட்டு அகலவில்லை.

ம்ங்க்.

ம்ங்க்.

உதடுகள் மட்டும் அசைந்தன. மூன்றாவது வரவில்லை. மூச்சு வந்தது.

நோயெலி தன் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முழங்கால்களையும் அதன்மேல் சேர்த்து நெருக்கினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள். "ஒரே ஒரு தடவை, தங்கம்."

விளக்கு அணைந்தது.

இருட்டில், மிகப் பக்கத்தில், குழந்தை மறுபடி ஆரம்பித்தது.